சாயம் நிற்கும் இடம்

தை முடிய எட்டு நாள்.
ஒடுகத்தூர் மருந்தகத்தின் இரும்புக் கூண்டுக்குள்
நாலு பேர் தள்ளி நுழைகிறான் செவலை.
வலது கண் நீர் வடிந்து
கன்னத்து மயிர் இரண்டு விரல் அகலத்துக்கு
ஒட்டிக் கிடக்கிறது.

"ஓடறப்ப மண்ணு பட்டுது, டாக்டரம்மா.
ஒரு வாரம் ஆவுது.
மருந்து வுட்டுகினுதான் கீறேன்."
வேட்டி மடிப்பிலிருந்து எடுக்கிறார் தனகோட்டி,
மாமியாருக்குப் புரை எடுத்தபோது மிஞ்சிய பாட்டில்.
லேபிளைத் தேய்த்துப் படிக்கிறேன்.
டெக்ஸாமெத்தசோன்.
இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் பஞ்சு.
ஓசை வராது, காற்று அடிக்காது,
விழும்போது கண் தொடர்கிறதா என்று மட்டும் பார்க்க.
இடப்பக்கம் விட்டேன்: தொடர்ந்தது.
வலப்பக்கம் விட்டேன்:
பஞ்சு தரையில் சாணத்தில் ஒட்டியது.
கண் எங்கேயோ இருந்தது.

எத்திராஜ் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிக்க
மரத்துப்போக இரண்டு சொட்டு,
பிறகு ஆரஞ்சுத் தாள், ஒரு நகக்கண் அளவு.
நனைந்ததும் பச்சையாகிக் கண்ணெல்லாம் பரவும்.
உப்புநீர் விட்டுக் கழுவினேன்.
போன் டார்ச்சில் நீலக் கண்ணாடித்தாள் ஒட்டிவைத்திருக்கிறேன்
(அரசாங்கம் தந்த விளக்கு தீபாவளிக்கு முன்பே போய்விட்டது).
ஜன்னலைச் சாத்தச் சொன்னேன்.

தோல் உள்ள இடமெல்லாம் சாயம் வழிந்து போய்விட்டது.
உரிந்த இடத்தில் மட்டும் நின்றது,
கருவிழி நடுவில்,
ஒரு துவரம்பருப்பு அளவுக்குப் பச்சை வெளிச்சம்.

வாணியம்பாடிப் பக்கம் வேலை பார்த்தபோது
பாலாற்றில் சாயம் பார்த்திருக்கிறேன்.
அது எங்கும் நின்றது.
காயம் எங்கே என்று காட்டவில்லை.

தனகோட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
குனிந்து பார்த்தார். நிமிரவில்லை.
"இது நானு வுட்ட மருந்தாலயா?"
"மண்ணுதான் கிழிச்சது. மருந்து மூட விடல."
பாட்டிலை வாங்கிக் குப்பையில் போட்டேன்.
சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

டோப்ராமைசின், இரண்டு மணிக்கு ஒரு தரம்.
அட்ரோபின், காலையும் மாலையும்.
கண்மணி அகலத் திறந்துகொள்ளும், வலி குறையும்,
வெளிச்சம் தாங்காது.
"வெயில்ல கட்டாதீங்க" என்றேன்.
வேலூர் மாவட்டத்தில் நின்றுகொண்டு சொன்னேன்.
எத்திராஜ் சிரித்துவிட்டார்.

கடைசி மருந்து கடையில் இல்லை.
கழுத்து நரம்பில் நாலு குழாய் ரத்தம் எடுத்து
தடுப்பூசிப் பெட்டி மேல் ராத்திரி முழுக்க நிற்கவைத்தேன்.
காலையில் சிவப்பு கீழே உறைந்திருக்க
மேலே நல்லெண்ணெய் நிறத்தில் ஒரு தெளிவு.
அவனுடையதை அவனுக்கே சொட்டு விடச் சொன்னேன்.
கரைகிற விழியை அது பிடித்து நிறுத்தும், சில சமயம்.

கடிகாரம் இல்லாத வீடு.
அணைக்கட்டு பஸ், ஸ்கூல் மணி,
எதிர்வீட்டு டிவியில் வரும் சீரியல் என்று
நேரத்தைப் பிரித்துக்கொண்டார்.
நடுராத்திரிக்கு என்ன செய்தார் என்று கேட்கவில்லை.
கண்ணைப் பார்த்தால் தெரிந்தது,
அவர் கண்ணை.

பத்தொன்பதாம் நாள்
சாயம் விட்டேன். கழுவினேன்.
எதுவும் நிற்கவில்லை.
பச்சை இருந்த இடத்தில்
மோர் தெளித்தாற்போல் ஒரு தழும்பு.

"மாசி கடைசில வுடறாங்க.
சர்ட்டிபிகேட் ஒண்ணு..."
பாரத்தில் கண்ணுக்கு இரண்டே கட்டம்:
இயல்பு, குறை.
பஞ்சை எடுத்தேன்.
இடம்: தொடர்ந்தது.
வலம்: விழுந்து, தரை தொட்டு,
அப்புறம் கண் திரும்பியது.
தாமதத்துக்குக் கட்டம் இல்லை.

பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.
தனகோட்டி தரையில் கிடந்த பஞ்சையே
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
பாரத்தைத் தானே மடித்து
சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்,
எழுதாததை.

கூண்டைத் திறந்ததும்
வழக்கமாக வலப்பக்கம் நின்று கயிறு பிடிப்பவர்
முன்னால் சுற்றிக்கொண்டு போய்
இடப்பக்கம் நின்றார்.
செவலை முதலில் அவரைப் பார்த்தான்.
பிறகு நடந்தான்.