முப்பத்தாறு

கீழ்வரிசை, இடப்பக்கம்,
முப்பத்தாறாம் எண் பல் என்றார் டாக்டர் நித்யா போஜன்.
எனக்குத் தெரிந்த முப்பத்தாறு
ரன்னிமேடுக்குக் கீழே இருக்கிற பாலம்.
இரண்டு கல்தூண், நடுவே இரும்பு,
அடியில்
மழைக்காலத்தில் மட்டும் பேசுகிற ஓடை.

பிடுங்கி இரண்டு வருஷம்.
அரசு ஆஸ்பத்திரியில் டோக்கன் பதினொன்று,
பஞ்சைக் கடித்தபடியே மத்தியான டூட்டிக்குப் போனேன்.
ஓட்டை உள்ளேதானே,
யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.
நாக்கு பார்த்தது.
பூட்டிய வீட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறவன் மாதிரி
ராத்திரியெல்லாம் போய்ப் போய்ப் பார்த்தது.

பெட்ஃபோர்டில் மருந்துக்கடை மாடி.
எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
"பிரிட்ஜ்னா பத்து நாள், பதினாறாயிரம்.
பக்கத்துப் பல் ரெண்டையும் இழைச்சு
மூணையும் சேர்த்து ஒரே தொப்பி.
இம்பிளான்ட்னா எலும்புல திருகாணி.
எலும்பு அதைப் பிடிச்சுக்க நாலு மாசம் ஆகும்.
முப்பத்தெட்டாயிரம்.
உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு?"

சர்க்கரையை நான் சொல்லவில்லை.
இழைக்கிற பல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.
"பின்னாடி இருக்கறதுல ஏற்கெனவே அடைச்சிருக்கு.
முன்னாடி இருக்கறது
சொத்தையே படாத பல்."

எனக்கு வேலையே பல்லில்தான்.
கல்லாறிலிருந்து குன்னூர் வரை
தண்டவாளத்துக்கு நடுவில் ஓடுகிற இரும்புப் பல்,
எஞ்சின் கவ்விக் கவ்வி ஏறுகிற பல்.
ஒன்று உடைந்தால் அந்தப் பட்டையைக் கழற்றுவோம்,
வேறு மாட்டுவோம், கிரீஸ் தடவுவோம்,
சுத்தியலால் தட்டிக் காது கொடுப்போம்.
பக்கத்துப் பல்லை அரத்தால் இழைத்துவிட்டு வந்தால்
இன்ஸ்பெக்டர் என்னை இழைத்துவிடுவார்.

கீமேன் சவரிமுத்து பிரிட்ஜ் போட்டவர்.
ஏழு வருஷத்தில் தாங்கின இரண்டும் ஆடி
ஒன்றுக்கு மூன்றாகப் போயிற்று.
ஹில்குரோவ் புஷ்பகாந்தியும் போட்டவள்தான்.
பதினாலு வருஷம். போன தீபாவளிக்கு
கல் மாதிரி இருந்த அதிரசத்தை
என் முன்னாலேயே கடித்து உடைத்தாள்.
சாட்சி கேட்டால் இப்படித்தான்.

தம்பி வாங்கிய லோனுக்கு
நானும் தங்கை கிரேசியும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.
அவன் திருப்பூர்ப் பக்கம் எங்கோ இருக்கிறான்.
நாங்கள் ஆறு வருஷமாக இரண்டு பக்கமும் நிற்கிறோம்,
நடுவில் ஆள் இருப்பது போலக் காட்டிக்கொண்டு.
போனில் கேட்டேன்.
"உன் வாய், என்கிட்ட ஏன் கேக்குற" என்றாள்.
குக்கர் விசில் ஒன்று வந்தது.
"அந்த நல்ல பல்லை மட்டும்
தொட விடாதேக்கா."

பாலத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.
மழை விட்ட காலையில்
தூணின் இடுக்கில் கைவிட்டு ஈரம் பார்க்கிறவள் நான்.
தாங்குகிற கல் சத்தம் போடாது,
அதனால்தான் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இம்பிளான்ட் என்று சொல்லிவிட்டேன்.
ஃபெஸ்டிவல் அட்வான்ஸ் கொஞ்சம், சொசைட்டியில் கொஞ்சம்.
ரத்தம் எடுத்தார்கள்.
மூன்று மாதச் சராசரி ஒன்பது புள்ளி நான்கு.
"ஏழுக்குக் கொண்டு வாங்க, அப்புறம் திருகலாம்."

ஆகவே இப்போதைக்கு இரண்டும் இல்லை.
சர்க்கரை போடாத டீ,
அது தேயிலைத் தண்ணி, டீ என்று சொல்லக்கூடாது.
வலப்பக்கமாகவே மெல்லுகிற ராகி ரொட்டி.
புதுக் கான்கிரீட்டுக்கு ஈரச்சாக்கு போர்த்தி
இருபத்தோரு நாள் ஆள் ஏறாமல் காத்தது உண்டு.
எலும்பு எப்படிப் பிடிக்கும்?
தூங்கும்போதா, ஏற்றத்தில் நடக்கும்போதா?

இன்றைக்கு முப்பத்தாறில் இருக்கும்போதே வண்டி வந்துவிட்டது.
பாலத்தின் ஓரத்தில் ஒதுங்க
ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டிருப்பார்கள்.
முதுகை ஒட்டி நின்றேன்.
எஞ்சின் பின்னாலிருந்து தள்ள
ஒவ்வொரு பல்லாக ஏறிப் போயிற்று,
காலுக்கடியில் இரும்பு நடுங்கியது.
நாக்கும் தன் பாட்டுக்குப் போய்
ஓட்டையில் ஒதுங்கி நின்றது.