தாமதத்திற்கான காரணம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
எங்கள் மலை நூற்று அறுபத்து மூன்று மீட்டர்,
அப்புறம் கொஞ்சம் சில்லறை.
ராஜபாளையத்திலிருந்து வந்திருக்கிறீர்கள்,
ஜன்னலைத் திறந்தால் மேற்குத் தொடர்ச்சி.
சிரித்துக்கொள்ளலாம், பரவாயில்லை.
உச்சியில் ஒரு பாறை, அதில் உயரம் எழுதியிருக்கும்.
மலையை விட்டுவிட்டு
அந்த எண்ணோடுதான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள்.

பேருந்தில் இருபத்து மூன்று பேர்.
ஓட்டுநர் ரோஸ்லான் குளிரைக் கூட்டிவைத்திருக்கிறார்,
பின் இருக்கையில் துண்டு தலைக்கு ஏறிவிட்டது.
ஒலிவாங்கி என் கையில்.
பத்தொன்பது வருடமாக ஒரு நாட்டை
ஒன்றரை நாளில் காட்டிவருகிறேன்.

மழைக்குக் குடை வேண்டாம்,
இருபது நிமிடம் போதும்.
மீன்வால் சிங்கத்தைக் காலை ஏழு மணிக்குப் பாருங்கள்,
கூட்டம் வருமுன் அது
தெருக்குழாய் மாதிரி
தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.
சுங்கை பூலோவில் முதலை தெரியாவிட்டால்
பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள்;
சேற்றைப் பாருங்கள், அங்கே ஒரு மீன்
நடப்பதா நீந்துவதா என்று
இன்னும் முடிவெடுக்காமல் துள்ளுகிறது.
காட்டுக்கோழி கண்ட இடத்தில் சாலையைக் கடக்கும்,
அதற்கு மட்டும் அபராதம் இல்லை.
இதெல்லாம் செயற்கையா என்று கேட்பீர்கள்.
மரத்தை நட்டது மனிதர்தான்.
அதில் கூடு கட்டச் சொன்னது யார்?

பீச் ரோடு என்றதும்
ஆறாம் வரிசையில் சொர்ணத்தாய் என்கிற அம்மாள்
கழுத்தை நீட்டிப் பார்த்தார்.
"கடலைக் காணோமே."
இந்த இடத்தில் வழக்கமாக ஒன்று சொல்வேன்:
வாடகை கட்டுப்படியாகவில்லை, காலி செய்துவிட்டது.
சிரிப்பார்கள். சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை.
"எங்க போச்சு?"

தெலுக் ஆயரில் இறக்கினேன்.
இது நாகூர் தர்கா. சற்றுத் தள்ளி சீனர்களின் கோயில்.
கப்பலில் வந்தவர்கள்
உயிரோடு கரையேறியதற்கு நன்றி சொன்ன இடங்கள்.
இதோ, இந்தச் சாலை வரைக்கும் அலை வந்தது.
பிறகு பக்கத்துக் குன்றை வெட்டிக் கடலில் கொட்டினார்கள்;
குன்றும் போச்சு, கடலும் போச்சு,
நிற்க இடம் வந்தது.

சொர்ணத்தாய் செருப்பைக் கழற்றினார்.
கோயிலுக்கு என்று நினைத்தேன்.
அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.
சேலையை இரண்டு விரலால்
கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து
சாலையோர மஞ்சள் கோட்டில் இறங்கி நின்றார்.
உச்சி வெயில். தார் சுடும்.
அலுவலகக் கூட்டம் கழுத்தில் அட்டையோடு
சோற்றுக்கு விரைந்து வந்தது,
அவரிடம் வந்ததும் இரண்டாகப் பிரிந்தது,
தாண்டிப் போய்ச் சேர்ந்துகொண்டது.

"ஏம்மா, ஊரே பாக்குது" என்றார் பரமகுரு, கணவர்.
"கடலுக்கு வந்துட்டுக்
காலை நனைக்காமப் போனா எப்படி?"

எத்தனை ஆயிரம் பேரை இந்தக் கரையில் இறக்கியிருப்பேன்.
ஒருவர்கூட நனைந்ததில்லை.
நானும்தான்.

அடுத்து நான் சொல்ல வேண்டியது:
மதிய உணவு ஒன்றே கால், சைவம் மாடியில்.
வாயில் வரவில்லை.
ரோஸ்லான் ஒருமுறை ஹாரன் அடித்தார், மெதுவாக,
தூங்குகிறவரை எழுப்புவதுபோல.

ஏறும்போது சொர்ணத்தாய்
படியில் நின்று பாதங்களைத் தட்டிக்கொண்டார்,
ஒன்று, பிறகு இன்னொன்று.
மணல் உள்ளே வந்துவிடக் கூடாதாம்.

பன்னிரண்டு நிமிடத் தாமதம்.
படிவத்தில் காரணத்துக்கு ஒரு கட்டம் உண்டு.
கடல் என்று எழுதினேன்.
அலுவலகத்தில் ஷெரில் கூப்பிட்டுக் கேட்பாள்.
அடித்துவிட்டு, நெரிசல் என்று எழுதினேன்.
ஒரே கோடுதான் போட்டிருக்கிறேன்.
படிக்கலாம்.