மூன்று புள்ளி இரண்டு சென்டிமீட்டர்

லியெபாயாவில் ஜனவரி.
கடற்காற்று சுவரெல்லாம் உப்பைத் தேய்க்கிறது.
குதிரைகள் போய்விட்ட பழைய லாயக் கூடத்தில்
ஒரு மரப்பெட்டி, அதன்மேல் வெல்தா.
பெட்டியின் உயரம் எழுபத்தைந்து.
கூடத்தின் வெப்பம் ஒன்பது.

நான் விளையாட்டுக்காரன் இல்லை,
ரேடியோ ரிப்பேர் செய்கிறவன்.
டேப் ரெக்கார்டரைத் தரையில் வைத்து
மைக்குக்கு என் கம்பளித் தொப்பியைப் போட்டிருக்கிறேன்.
பயிற்சியாளர் ஸ்கைத்ரீதே கேட்டது ஒன்றே ஒன்று:
"இவள் தரையில் எவ்வளவு நேரம் இருக்கிறாள்?"

பெட்டியிலிருந்து வெல்தா குதிப்பதில்லை.
ஒரு காலை எடுத்துக் காற்றின்மேல் வைக்கிறாள்,
மீதியைப் பூமி பார்த்துக்கொள்கிறது.
தப்.
பலகையை உரசி ஒரு சக்.
நான் நிமிர்வதற்குள் உத்தரத்தில் தொங்கும் பந்து
ஆடிக்கொண்டிருக்கிறது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
இவளுக்கு ஆழம் தெரியும், விடுகிறாள்.
விழுகிற கனத்தில் தொடை இழுபடுகிறது;
இழுபட்ட தசை மனம் மாறும் கடன்காரன்,
நீட்டியபோதே வாங்கிக்கொள்ள வேண்டும்.
யோசித்து நின்றால் சூடாகக் கரைந்து
காலுக்குள்ளேயே போய்விடும்.

டேப் நொடிக்குப் பத்தொன்பது சென்டிமீட்டர் ஓடும்.
இரவு கடையை அடைத்தபின்
ரீலைக் கையால் உருட்டித் தேடி
தப்புக்கு ஒரு கோடு, சக்குக்கு ஒரு கோடு,
நடுவில் பள்ளிக்கூட ஸ்கேல்.
மூன்று புள்ளி இரண்டு.
நொடியை ஆறாய்க் கிழித்தால் அதில் ஒரு துண்டு.
குறில்.

பிப்ரவரியில் அவளே கேட்டாள், பெட்டி போதவில்லை என்று.
மீன் டின் அடைக்கும் தொழிற்சாலையிலிருந்து
பலகை கொண்டுவந்து தானே அடித்தாள்.
நூற்றுப்பத்து.
விழுந்தாள். கூடமே அதிர்ந்தது.
குதிகால் தரையைத் தொட்டது, முழங்கால் உள்ளே சாய்ந்தது,
பந்து நாலு விரல் தள்ளி
சும்மா தொங்கியது.
"ஆனால் பலம் வந்தாற்போல இருந்ததே" என்றாள்.

ஸ்கைத்ரீதே எதுவும் சொல்லவில்லை.
நான் டேப்பைப் பாதி வேகத்தில் ஓட்டினேன்.
தாஆஆஆப்
...
சக்.
ஐந்தரை சென்டிமீட்டர்.
நடுவில் ஒரு பெருமூச்சுகூடப் பதிவாகியிருந்தது.
"மறுபடி போடு."
மூன்று முறை கேட்டாள்.
பிறகு சிரித்துக்கொண்டே ரம்பம் கேட்டாள்.

அடுத்த வாரம் பெட்டி எழுபது.
வாரத்தில் இரண்டே நாள், நாளுக்கு நாற்பது.
நாற்பத்தொன்றாவதற்கு ஏறப் போனவளின் கோட்டை
ஸ்கைத்ரீதே பெட்டிமேல் விரித்துவிட்டார்.
அதுதான் மணி.
மற்ற நாட்களில் வெல்தா
எண்ணெயில் மீன் அடுக்கினாள்,
பேருந்தில் நின்றபடியே தூங்கினாள்.
கால் வளர்ந்தது அந்தத் தூக்கத்தில்தான் என்று
எனக்கொரு எண்ணம்;
அதைப் பதிவுசெய்ய என்னிடம் கருவி இல்லை.

அளந்து முடித்த துண்டுகளை எறிய மனமில்லாமல்
ஒன்றோடொன்று ஒட்டிவந்தேன்.
எட்டு வாரம், அறுநூற்று நாற்பது முறை:
ஏறிய நேரம் இல்லை, காத்திருந்த நேரம் இல்லை,
அவள் பாதம் தரையில் இருந்த நேரம் மட்டும்.
இருபது மீட்டர் டேப்.
ஓடவிட்டால் இரண்டு நிமிடம்கூட வராது.

மே மாதம் ரீகாவில் கம்பி விழுந்ததா என்று கேட்கிறீர்கள்.
நான் போகவில்லை, கடையில் ஏழு ரேடியோ காத்திருந்தன.
அன்று மாலை அந்த ரீலைப் போட்டுக்கொண்டிருந்தேன்.
பேட்டரி வாங்க வந்தவர் கொஞ்சம் கேட்டுவிட்டு
"யார் இவ்வளவு வேகமாக டைப் அடிக்கிறது?" என்றார்.