உப்பில் பிறந்தது

மாங்குளம் சந்தியில் பற்றறிக் கடை வைத்திருக்கிறேன்.
ஓட்டை விழாத சாரம் என்னிடம் ஒன்றுமில்லை.
அசிட் ஒரு துளி பட்டால்
துணி அன்றைக்கு ஒன்றும் சொல்லாது.
தோய்த்துக் காயவிட்ட மறுநாள்தான் வாய் திறக்கும்.

அதனால்
கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் இடப்பக்கம் சரித்துப் படுக்கவிட்டுக்
குழாயை விழுங்கவைத்த டொக்டர் அபிரா
திரையைப் பார்த்தபடி "அசிட் கூட" என்றபோது
எனக்குச் சிரிப்பு வந்தது.
வாயில் குழாய். சிரிப்பு மூக்கால் போனது.
"அசையாதேங்கோ" என்றார் மிஸ்ஸி.
ஒரு நெல்லளவு சதை கிள்ளி எடுத்தார்கள்.

பிறகு கதிரையில் இருத்திச் சொன்னார்:
உங்கட கடையில இருக்கிறது கந்தகத்தில பிறந்தது,
இது உப்பில.
தின்ற உப்பை இரத்தம் கொண்டுபோய்க் கொடுக்க
இரைப்பைச் சுவரின் குழிகளுக்குள்ளே சில கலங்கள்
அதை அமிலமாக்கி இறைக்குமாம்.
மற்ற நீர்களோடு சேர்த்தால்
நாளுக்கு இரண்டு லீற்றர் வருமாம்.
ஒரு கார்ப் பற்றறிக்கு நான் ஊற்றுவது நாலு.
கணக்குப் பார்த்தேன்:
ஒன்றைவிட்ட ஒருநாள் ஒரு கார் ஓடும்.
வீட்டில் ஆனையிறவு உப்புத்தான்.

இறைச்சியை வெட்டும் நீரொன்றும் கூடவே வருமாம்,
உறையிலிட்ட கத்திபோல.
அமிலம் பட்டால்தான் உறை கழரும்.
"உறையில்லாமல் வந்தால்?"
"செய்த கலத்தையே வெட்டிப்போடும்."

இதுதான் பேருந்தில் வரும்போது
முறிகண்டியில் இறங்கிக் கற்பூரம் கொளுத்திய பிறகும்
என்னை விடவில்லை:
நான் அசிட்டைப் பிளாஸ்ரிக் பெட்டியில் வைத்திருக்கிறேன்.
இறைச்சியைக் கரைக்கிற நீரை
இறைச்சியாலேயே செய்த பெட்டியில் வைத்தது யார்?
நடுவில் இருப்பது
வெண்டிக்காய் வழுவழுப்புப்போல ஒரு பூச்சு,
அதன் அடியில் கொஞ்சம் சோடாக்காரம்.
அவ்வளவுதான்.
சில நாளுக்கொருக்கா சுவரே உரிந்து புதிதாகுமாம்.
என் பூச்சில், திரையில் கண்டேன்,
சாரத்தில் விழுகிற அதே வட்டம்.

"கனநாள் சாப்பிடாமல் இருந்தனீங்களோ?"
"சிலவேளை நேரம் தவறும்" என்றேன்.
எழுதிக்கொண்டார்.

அந்தப் பங்குனியில்
தறப்பாளுக்கு அப்பால் யாரோ வெங்காயம் வதக்கினார்கள்.
ஒரு வெங்காயம்.
இரண்டாயிருந்தால் மணம் அவ்வளவு கெதியாய் முடிந்திராது.
கண்ணால் காணவில்லை. யாரென்று இன்றைக்கும் தெரியாது.
என் வயிறு அதை நம்பியது.
சோறு வருகிறதென்று முழு வேகத்தில் இறைத்தது.
கரைக்க ஒன்றுமில்லாமல் விடியும்வரை
என்னைச் சுற்றிச் சுற்றி நடந்தது.
அடுத்த பின்னேரமும்
மணமே இல்லாமல்
அதே நேரத்துக்கு இறைத்தது.

குளிசை, சாப்பாட்டுக்கு அரைமணி முந்தி.
கொத்தமல்லித் தண்ணி, புளி குறைத்த சொதி.
பிளேன்ரீ கூடாது என்று மனிசி தகரப்பேணியை ஒளித்துவிட்டாள்.

ஆறரைக்குப் பக்கத்துக் கடையில்
பாலேந்திராவின் கொத்துத் தகடுகள் கல்லில் விழும்.
நான் குனிந்து ஒரு லொறிப் பற்றறியின்
ஆறு மூடிகளையும் திறந்து தண்ணி மட்டும் விடுகிறேன்.
பற்றறியில் காய்வது தண்ணிதான்,
அசிட் எங்கும் போவதில்லை.

தகட்டுச் சத்தம் கேட்டதும்
உள்ளே ஊறத் தொடங்குகிறது.
மேசையில் இன்னும்
ஒருவரும் கோப்பை வைக்கவில்லை.