சாக்பீஸ் வட்டம்

சுறாவுக்கு மூலை ஆகாது.
திரும்பத் தெரியாமல் மூக்கை உரசிக்கொள்ளுமாம்.
அதனால் கார் நிறுத்துமிடத்தில்
சணல் கயிறும் சாக்பீஸுமாக
ஒரு வட்டம் போட்டேன். பன்னிரண்டடி.
காரை அன்றைக்கே தெருவில் விட்டாயிற்று.

"தண்ணி மட்டுமே பதிமூணு டன்னுங்க"
மேஸ்திரி மாரப்பன் குதிகாலால் தட்டிப் பார்க்கிறார்.
"கீழ செப்டிக் டேங்க் இருக்குதுங்களே."
நாலடி தள்ளி இன்னொரு வட்டம்.

உப்பு நானூற்றைம்பது கிலோ.
சொன்னதும் பட்டறையில் ஒரே சிரிப்பு.
பதினெட்டு வருசமாகச் சாயத்தண்ணீரிலிருந்து
உப்பைப் பிரித்தெடுப்பதுதான் என் சம்பளம்.
குவிந்து கிடக்கிறதே, அள்ளிக்கிட்டுப் போங்கண்ணா
என்கிறான் சபரிநாதன்.
அந்த உப்பு பனியனில் சிவப்பை நிறுத்தும்.
செவுளில் மூச்சை நிறுத்திவிடும்.

வீட்டு போர் தண்ணீரில் மீட்டரை விட்டேன்:
மூவாயிரத்து இருநூறு.
திருப்பூரே சேர்ந்து இத்தனை காலம் கெடுத்தும்
கடலில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

கோகிலவாணி கேட்டது இரண்டே கேள்வி.
கரண்ட் போனா?
ஜெனரேட்டர்.
எத்தனை வருசம் இருக்கும்?
மூங்கில் சுறா, இருபத்தஞ்சு.
அவள் விரல்விட்டு எண்ணினாள்.
எதை என்று சொல்லவில்லை,
எண்ணி முடிக்கவும் இல்லை.

ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது
முன்கதவு திறந்திருந்தது.
கோட்டுக்குள் அவள் நடந்துகொண்டிருந்தாள்,
கைகளை உடம்போடு ஒட்டி,
செருப்பில்லாமல், எங்கும் நிற்காமல்.
ஏழெட்டுச் சுற்று இருக்கும்.
கோட்டை மிதிக்காமல் தாண்டி வந்து சொன்னாள்:
"பத்தாதுங்க."