எண்பதுக்கு ஐம்பத்தொன்று

மைனஸ் இருபது.
பெத்தேலில் ஆறு இறுகிச் சாலையாகி
லாரிகள் அதன்மேல் ஓடுகிற மாதம்.
செஸ்னாவின் மூக்குக்குப் போர்வை சுற்றி
அடியில் சூடான காற்று விட்டிருந்தேன்,
நள்ளிரவிலிருந்து.
எஞ்சினுக்குக் குளிர் தெரியாது.
ஆயிலுக்குத் தெரியும்.
பாகாய் உறைந்து, கூப்பிட்ட குரலுக்கு வராது.

ஃபில்டரை வெட்டி
அதன் மடிப்புகளை விளக்குக்கு நேரே விரித்தேன்.
காந்தத்தை ஓட்டினேன். ஒன்றும் ஒட்டவில்லை.
நல்லது.
ஆனால் ஒன்றும் இல்லை என்றால்
தேடிய இடத்தில் இல்லை, அவ்வளவே.

பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் காற்றை அடைத்தேன்.
எண்பது கொடுத்தால் எத்தனை தங்குகிறது
என்பது கணக்கு.
எழுபத்தாறு. எழுபத்துநான்கு.
மூன்றாவதில் ஐம்பத்தொன்று.
புகைக்குழாயில் காதை வைத்தேன்.
தூங்குகிறவன் பல்லிடுக்கில் விடுகிற மூச்சுபோல்
ஸ்ஸ் என்று ஒரு கசிவு.
ரப்பர்ச் சுத்தியலால் வால்வைத் தட்டினேன். ஐம்பத்திரண்டு.
ஓட்டிச் சூடாக்கி மறுபடி அளந்தேன். ஐம்பத்தொன்று.
உள்ளே எட்டிப்பார்க்கிற கேமராக்குழல்
தானே பழுதாகி ஆங்கரேஜுக்குப் போயிருந்தது.

வெளியே ஐந்து பிள்ளைகள்,
பயிற்சியாளர் மோக்சி.
டுனுனாக்கில் அன்று மாலை கூடைப்பந்துப் போட்டி.
மாற்றுக்கு ஆளில்லாத அணி.
மூன்று வாரத்தில் வானம் திறந்த முதல் நாள்.
ஹால்வர்சன் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தபடி
“போன வாரமும் இப்படித்தானே பறந்தது” என்றான்.
போன வாரம் நான் அளக்கவில்லை என்றேன்.
அது பதிலே இல்லை என்று
இருவருக்கும் தெரியும்.

கையெழுத்துப் போடவில்லை.
டுனுனாக்கில் எங்கள் பிள்ளைகள்
ஆடாமலே தோற்றார்கள்.

சிலிண்டரைக் கழற்றினேன்.
வால்வின் விளிம்பு எரிந்து
பிறைபோல் ஒரு பக்கம் பச்சை பாரித்திருக்கும்
என்று எதிர்பார்த்தேன்
(சரியாகச் சொன்னால், ஆசைப்பட்டேன்).
பிறை இல்லை. வட்டம் அப்பழுக்கில்லாமல் இருந்தது.
அது உட்காரும் இடத்தில் ஒரு கரித்துணுக்கு,
மிளகில் பாதி.
இன்னும் ஒரு மணி நேரம் பறந்திருந்தால்
உதிர்ந்திருக்கும்.
உதிராமலும் இருந்திருக்கும்.
கடையில் மாவு வாங்கப் போனபோது
அணித்தலைவன் வாசிலி என் காதுபட
“அரை மிளகு” என்றான்.
நல்ல பெயர்தான்.
அதற்கு முன் எனக்குப் பட்டப்பெயர் இருந்ததில்லை.

இன்னொன்று, அவனுக்குத் தெரியாதது.
ஒருமுறை திறந்த எஞ்சின்
திறக்காத எஞ்சின் ஆகாது.
தொள்ளாயிரம் மணி நேரம் தன்பாட்டில் ஓடியதற்குள்
என் கை போய்விட்டது.
நட்டுக்கு அடியில் ஒரு பொட்டுப் பெயிண்ட் போதும்,
இறுக்கமே பொய் சொல்லும்.
கெட்டுப்போகாமல் கெட்ட எஞ்சின்களை
நான் பார்த்திருக்கிறேன்.
அக்கறை கெடுத்தவை அவை.

அதனால் துடைத்தேன். மறுபடி துடைத்தேன்.
ஸ்பேனர் ‘டக்’ என்று சொல்லும்வரை இறுக்கி
மஞ்சள் கோடு இழுத்தேன்.
டெரன்டியைக் கூப்பிட்டு நீ பார் என்றேன்.
என் கண்
என் கை நினைத்ததைத்தான் பார்க்கும்.

கழற்றியவள் முதலில் ஏற வேண்டும்.
சட்டத்தில் இல்லை. நானே வைத்துக்கொண்டது.
ஐந்தாம் நாள் ஹால்வர்சனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
கீழே ஆற்றின்மேல் ஒரு லாரி,
எறும்பு இழுக்கிற அரிசி மாதிரி.
ஆறு சிலிண்டரில் மூன்றாவதை மட்டும்
தனியாகக் கேட்க முடியும் என்கிறவன் புளுகன்.
நானும் அந்த ஒரு மணி நேரம்
கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இறங்கி அணைத்ததும்
சூடான இரும்பு ஆறுகிற சத்தம். டிக். டிக்.
“சனிக்கிழமை பிள்ளைகளை ஏற்றலாமா?”
“ஏற்று. இருபத்தைந்து மணி நேரத்தில் திருப்பிக் கொண்டுவா,
இந்த நட்டுகளை நான் நம்பவில்லை.”
அவன் சிரிக்கவில்லை.

பதிவேட்டைத் திறந்தேன். பேனாவில் மை உறைந்திருந்தது.
அக்குளில் இடுக்கிக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.