ஆறாவது தட்டு

எங்கள் பாடநூலில் உயிரின் சிற்றறைக்குக் கலம் என்று பெயர்.
கப்பலுக்கும் அதே பெயர்தான்.
உவர்மலை ஆய்வுகூடத்து மேல்மாடியில்
கண்ணை நுணுக்குக்காட்டியில் வைத்தாலும் கலம்,
எடுத்து ஜன்னலில் வைத்தாலும் கலம்.

முபீதா கிண்ணியாவிலிருந்து ஏழு மணி பஸ்ஸில் வருவாள்.
வந்ததும் கழியூதா லாம்பைப் போட்டுக்
குப்பிகளை அதன் முன்னே நிறுத்துவாள்.
எல்லாம் ஒரே காட்மியம், ஒரே செலனியம்.
சிறுமணி பச்சை. கொஞ்சம் பருத்தால் மஞ்சள்.
இன்னும் பருத்தால் சூரைமீனின் செவுள்.
பருமனே நிறம். வேறு சாயம் இல்லை.

இந்தக் குவாண்டம் புள்ளிகள் பிறந்தது கொதிக்கும் எண்ணெயில்.
மேனியெங்கும் கொழுப்பு வால்கள்.
தண்ணீரோடு ஒட்டாது;
கலத்துக்குள்ளோ எங்கும் தண்ணீர்.
ஆகவே உரிக்க வேண்டும்.
உரித்த கையோடு உடுத்தவும் வேண்டும்,
இடையில் வெறும் மேனியாய் நின்றால்
வெளிச்சம் செத்துப்போகும்.

உடுத்த, கந்தகத் தலையுள்ள ஒரு சிற்றமிலம்.
மழைநாளில் கருவாட்டுக் கடைக்குள்
கூழ்முட்டை உடைந்ததுபோல் நாறும்.
பஸ்ஸில் முபீதாவுக்குப் பக்கத்துச் சீட் எப்போதும் காலி.
"வசதிதான்" என்பாள், "பையை வைக்கலாம்."

பதினொரு முறை குலுக்கினோம்.
மேலே எண்ணெய்ப் படை, கீழே தண்ணீர்ப் படை.
பன்னிரண்டாம் முறை, தேத்தண்ணி ஆறுகிற நேரத்தில்,
செம்மஞ்சள் மேலிருந்து கீழே இறங்கியது,
யாரும் விரட்டாமல்,
கந்தளாய்க் குளத்தில் இறங்கும் எருமையைப் போல.

நான் கத்திவிட்டேன்.
முபீதா உப்பு அளந்துகொண்டிருந்தாள்.
"நல்ல தண்ணியில எல்லாரும் நீந்துவாங்க, மயூரதி."

உப்பு விழுந்தது.
புள்ளிகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்து
அடியில் பழுப்பாய்ப் படிந்தன.
இரத்தம் உப்பு. கலத்தை வளர்க்கும் நீர் உப்பு.
இந்த மலையின் பெயரிலேயே உப்பு.

பிறகு நான்கு மாதம்.
நீண்ட வாலொன்று தேடினோம்:
ஒரு முனையில் இரண்டு கந்தகக் கைகள் புள்ளியைப் பற்ற,
மறு முனை தண்ணீரில் அலைய.
ஒற்றைக் கை அவிழ்ந்துபோகும்.
காட்மியம் கசிந்தால் கலம் சாகும்,
அதற்காக வாலுக்கும் உள்ளே ஒரு துத்தநாக ஓடு.
உடுப்பு மாற்றுந்தோறும் ஒளியில் கொஞ்சம் வாடகை:
நூற்றுக்கு எழுபது. நாற்பத்தெட்டு. முப்பத்தொன்று.

ஒரு நாள் சொன்னேன், நானும் இப்படித்தான்,
துறைமுக வாசலில் ஒரு மொழி, வங்கியில் ஒரு மொழி,
ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மங்கிப்போகிறேன் என்று.
முபீதா குழாய்முனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
"புள்ளிக்கு ஊரும் இல்ல, வெட்கமும் இல்ல.
அத விடு. பிஎச் எவ்வளவு?"

எட்டு தசம் இரண்டு.

கொழும்பிலிருந்து இரவு ரயிலில் கலங்கள் வந்தன,
என் மடியில், உலர்பனிப் பெட்டியில்.
கல்லோயாச் சந்தியில் கடலை விற்றவன்
"மீனா?" என்று கேட்டான்.

ஆறு தட்டுகளில் வளர்த்தோம்.
முதல் மூன்றில் பழைய உடுப்பு. மறுநாள் காலை
கலங்கள் சுருங்கி, உருண்டு, தட்டைப் பிடி விட்டிருந்தன.
நான்கில் பூஞ்சை.
ஐந்தைக் கரண்ட் கொண்டுபோனது.

ஆறாவதை வைத்து லைட்டை அணைத்தோம்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு இருட்டு மணிமணியாய்ப் பிரிந்தது.
கருவுக்குள் போகவில்லை;
கருவைச் சுற்றி நங்கூரமிட்டிருந்தன,
சிவப்பாய், சில எரிந்து, சில அணைந்து,
அணைந்தது திடீரென்று எரிந்து.
நாற்பத்தொன்று வரை எண்ணினேன். ஒன்று நகர்ந்தது.
கணக்குத் தவறிற்று.

கண்ணை எடுத்தேன். ஜன்னலில் உள்துறைமுகம்.
சீமெந்துக் கப்பலொன்று சிவப்பு விளக்கோடு நின்றது.
எந்தக் கலத்தைப் பார்க்கிறேன் என்று
ஒரு கணம் பிடிபடவில்லை.

இதை முபீதாவிடம் சொல்லவில்லை.
கடைசி பஸ்ஸுக்கு ஓடுமுன் குறிப்பேட்டில் எழுதியிருந்தாள்:
தட்டு 6. கலங்கள் உயிரோடு. காலையில் மறுபடி பார்க்கணும்.

அதன் கீழே, பென்சிலில்:
உப்பு முடிஞ்சுது.